கை ஆட்டம் கூடாது

போடிநாயக்கனூர்
8.9.2024

அன்புத் தங்கை பாண்டீஸ்வரிக்கு,

அண்ணன் முத்துக்கிருஷ்ணன் எழுதுவது. நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். சின்ராசுவின் ஜீப்பில் முன் இருக்கை கிடைத்ததால் மெட்டு மலைச்சாலையில் இறங்கும்போது தலை சுற்றவில்லை. உன் கட்டைவிரல் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை விடாமல் கொடுக்கிறாயா?

போனில் பேசினால் என் காதுக் கருவி கீச்சிடுகிறது. வாட்சப்பில் தட்டினால் நடுங்கும் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழுகிறது. பேனாவை அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து ஓரளவு நிற்கிறது. ஆகவே இனி கடிதம்தான். தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் மேலே வரும்போது சின்ராசு இதையும் கொண்டுவந்து தருவான்.

ஒரு செய்தி இருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உன் வீட்டில் இருந்த மூன்று வாரமும், உன் பிள்ளை ராஜ்கமல் விட்டுப்போன வீடியோ கேம் பெட்டியில் நாம் இருவரும் எந்திர வண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தோம் அல்லவா? இங்கே வந்த பிறகு மாலைப் பொழுது நகரவே இல்லை. முந்தாநாள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கும் கேம் சென்டருக்குப் போய், அதே பெட்டியைப் பழையதாக ஒன்று வாங்கிவிட்டேன். கடை நடத்தும் இனியவன், பேரனுக்கா சார் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பேரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் அறுபத்தொன்பது வயதில் வண்டு சுடுகிறான் என்று எப்படிச் சொல்வது?

தினமும் நூறு முறை சுட்டு, எத்தனை பட்டது என்று நோட்டில் குறிக்கிறேன். முதல் நாள் முப்பத்தொன்று. நேற்று முப்பத்தாறு.

கடைச் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி அதே ஆட்டத்தில் போட்டி. இருவர் இருவராக ஆட வேண்டும். ‘எட்டு வயது முதல் எண்பது வரை’ என்று போட்டிருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். படித்ததோடு சரி, வேறு எண்ணம் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு ராக்குவை விசாரித்ததாகச் சொல். மழையில் நனையாதே.

உன் அண்ணன்,
முத்துக்கிருஷ்ணன்


தோண்டிமலை
14.9.2024

அண்ணனுக்குத் தங்கச்சி பாண்டீஸ்வரி எழுதிக்கிறது. இங்க நான், ராக்கு, நாயி, ஏலச்செடி எல்லாம் சொகம். உன் காது, கை, முட்டி மூணும் எப்படி இருக்குன்னு தனித்தனியா எழுது. மொத்தமா நலம்னு எழுதுனா நான் நம்ப மாட்டேன்.

ஒத்தடம் குடுத்து ஒண்ணும் ஆகல. நரம்பு அறுந்த வெரலு வெந்நிக்கா மசியும்? தோட்டத்துல அருவா பட்டு ரெண்டு வருசம் ஆச்சு, வலது கட்டவெரலு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மத்த நாலும் சோலி பாக்குதுல்ல. பேனாவ ரெண்டு வெரலுக்கு நடுவுல சொருகித்தான் இத எழுதுறேன்.

வேற எண்ணம் இல்லையாம். அப்ப எதுக்கு ரெண்டு தடவ படிச்ச? நம்ம ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வா.

ஏன் சொல்றேன்னா, நீ எறங்கிப் போன மறுநா ராஜ்கமல் சென்னையில இருந்து போன் போட்டான். ஒரு கை உதவாம அந்த மலையில கெடந்து என்னம்மா செய்வ, செடியக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்து உக்காருங்கிறான். நல்ல பிள்ளதான். ஆனா ‘உக்காரு’ங்கிறான் பாரு, அந்தச் சொல்லு எனக்கு ஆகல. போட்டுச் சண்ட. கடைசியில அவன், “அந்தக் கையால ஊரறிய ஒரு காரியம் செஞ்சு காட்டும்மா, அப்புறம் நான் சென்னைன்னு வாயத் தொறக்கல”ன்னான். அவன் வெளையாட்டாத்தான் சொன்னான். நானும் வெளையாட்டுலயே செஞ்சு காட்டுறேன்.

வெரசா பதில் போடு. ராத்திரி கஞ்சி மட்டும் குடிச்சுட்டுப் படுக்காத.

பாண்டீஸ்வரி


போடிநாயக்கனூர்
6.10.2024

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டபடி தனித்தனியாக: காது முன்போலவே. முட்டி படியேறும்போது மட்டும். கை ஆடுகிறது, இது வயதோடு வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று தேனி மருத்துவர் சொல்கிறார். உன் உடம்பு எப்படி? இருமல் விட்டதா?

பெயர் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் மாடிப்படி ஏறினேன். பேரன் இல்லை, நான்தான் என்று இனியவனிடம் சொல்லும்போது எனக்கு வியர்த்துவிட்டது. குழுவுக்குப் பெயர் கேட்டார்கள். ஒன்றும் தோன்றாமல் ‘அண்ணன் தங்கை’ என்றேன். அங்கே இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். கேலி என்று சொல்ல முடியாது. கேலியாகவும் இருக்கலாம்.

உன் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவறாக எடுத்துக்கொள்ளாதே. நீ கன்ட்ரோலரையே சாய்த்துக் குறி பார்க்கிறாய். நான் வலது கட்டைவிரலால் அதில் இருக்கும் குச்சியைத் தள்ளிக் குறி பார்க்கிறேன். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். குச்சி வேகத்தைச் சொல்கிறது: எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகமாகத் திரையில் கூட்டல் குறி நகர்கிறது, சரியான இடத்தில் நிறுத்துவது நம் பாடு. சாய்வு இடத்தைச் சொல்கிறது: கை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்த இடத்தில் குறியும் நிற்கிறது. கேட்க உன் வழி எளிதாகத் தோன்றும். ஆனால் குச்சி சின்ன அசைவைக் கண்டுகொள்வதில்லை. என் நடுக்கத்தை அது மன்னித்துவிடுகிறது. சாய்வு எதையும் மன்னிக்காது.

பெரும்பாலோர் குச்சியில்தான் ஆடுகிறார்கள். அதுவே முறையான வழி என்று எனக்குப் படுகிறது. நீயும் இடது கையைக் கொஞ்சம் பழக்கிப் பார்த்தால் என்ன?

நேற்று எனக்கு நாற்பத்து நான்கு.

மறக்காமல் கம்பளி போட்டுக்கொள்.

முத்துக்கிருஷ்ணன்


தோண்டிமலை
20.10.2024

அண்ணனுக்கு,

இருமல் போயிருச்சு. ராக்கு வீட்டுக்காரருக்குத்தான் காச்சல். நீ வெந்நி குடிக்கிறியா, இல்ல பானைத் தண்ணிதானா?

இடது கையப் பழக்குன்னு எழுதியிருக்க. டாக்டரும் அதத்தான் சொன்னாரு. தோட்டத்துச் சூப்பர்வைசரும் சொன்னாரு, ராஜ்கமலும் சொன்னான். வலது கை இன்னும் ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு, அதுக்கு என்ன வழின்னு ஒருத்தரும் சொல்லல. இந்த எந்திரம் ஒண்ணுதான், கட்டவெரலு இல்லாட்டிப் போகுது, கையத் திருப்புன்னு சொல்லுச்சு. அத விடச் சொல்றியா?

விடியக் கருக்கல்ல வெளிய வந்து, ஆனை நிக்குதான்னு டார்ச்சு அடிச்சுப் பாக்குறோம். வெளிச்சத்தக் கட்டவெரலாலயா திருப்புற? கையத்தான திருப்புற. வெளிச்சம் தானா கூட வருது. டார்ச்சுல குச்சி வச்சுத் தள்ளித்தள்ளிப் பாத்தா, நீ ஆனையக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆனை உன்னக் கண்டுபிடிச்சிரும். முறையாம் முறை.

நேத்து ராக்கு பக்கத்துல உக்காந்து எண்ணுனா. நூத்துக்கு அம்பத்தெட்டு. எண்ணி முடிச்சிட்டு, “ஏத்தா, டீவிக்குள்ள இருக்கிற வண்ட இம்புட்டுச் சுடுறியே, நம்ம செடியில இருக்கிற பூச்சிய எவ சுடுவா?”ன்னு கேக்குறா.

கை வெட்டுப்பட்டப்ப தோட்டத்து ஆபீசுல ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தோமே, ‘என் கவனக்குறைவால்’னு. அதப் படிச்சவன் எவனும் இந்த அம்பத்தெட்ட நம்ப மாட்டான்.

ஒடம்பப் பாத்துக்க. உன் நாப்பத்துநாலுக்கும் சந்தோசம்தான்.

பாண்டீஸ்வரி


போடிநாயக்கனூர்
24.11.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே நல்ல மழை.

போட்டிக்கு நாம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன். புதிதாகச் சில விதிகள் போட்டிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது சரிவராது. நேற்று போய்ப் பெயரை எடுத்துவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.

ராஜ்கமல் சொல்வதையும் நீ ஒருமுறை யோசிக்கலாம். சென்னையில் குளிர் கிடையாது. விரலுக்கு நல்லது.

முத்துக்கிருஷ்ணன்


தோண்டிமலை
2.12.2024

அண்ணனுக்கு,

நான் சொகமா இல்ல. உன் கடுதாசியப் படிச்ச நாள்ல இருந்து சொகமா இல்ல. சென்னையில குளிர் கெடையாதாம். போடியிலயும்தான் கெடையாது, உனக்கு ஏன் வெறைச்சுப் போச்சு?

மெட்டுல மண்ணு சரிஞ்சு நாலு நாளா ஜீப்பு இல்ல, இத நடந்து எறங்குற ஆளுககிட்டக் குடுத்து விடுறேன். அதுக்கு முன்னாடியே சின்ராசுகிட்டச் சொல்லி அந்தக் கடையப் பாத்துட்டு வரச் சொன்னேன். வெள்ளப் போர்டுல பெருசா எழுதி வச்சிருக்கானாம்: ‘கை ஆட்டம் கூடாது.’

நீ அதப் படிச்சிருக்க. கைய வேட்டி மடிப்புக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் பேசாம எறங்கி வந்திருக்க. காரணம் பெருசா ஒண்ணுமில்லைன்னு எனக்கு எழுதிட்ட.

எட்டுல இருந்து எம்பதுன்னு அவன்தான கூப்பிட்டான்? எம்பது வயசுல கை ஆடாதவன் ஒருத்தனக் காட்டச் சொல்லு. உன் கை ஆடுனா அவனுக்கு என்ன நட்டம்? அவன் மேலயா இடிக்குது? நாப்பத்துநாலு வண்டு செத்துச்சே, நடுங்குற கையில சாக மாட்டேன்னு எந்த வண்டாச்சும் சொல்லுச்சா?

அவன்கிட்டப் போயி என்ன அர்த்தத்துல எழுதுனன்னு கேளு. நீ கேக்காட்டி, ரோடு தொறக்கிற வரைக்கும் பாக்க மாட்டேன், நடந்தே எறங்கி வந்து நான் கேப்பேன்.

கோவத்துல எழுதிட்டேன். மாத்திர ஒழுங்காப் போடு.

பாண்டீஸ்வரி


போடிநாயக்கனூர்
9.12.2024

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை போடுகிறேன். நீ நடந்து இறங்க வேண்டாம்.

கேட்டேன். கேட்பதற்கு இரண்டு நாள் ஆனது, ஆனாலும் கேட்டேன். என் வலது கையை நீட்டிக் காட்டி, இதற்காகவா எழுதினீர்கள் என்று கேட்டேன். இனியவன் பதறிப்போய், “ஐயோ சார், ஒங்க கைய எவன் சொன்னான்? நீங்க தாராளமா ஆடுங்க” என்றார். அந்த விதி என் நடுக்கத்தைக் குறித்தது அல்ல. வேறு ஒன்றைக் குறித்தது. நம் பெயரை மீண்டும் எழுதிக்கொண்டார்.

மற்றதை நேரில் பேசுவோம். இடது கைக்கும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் கெடுதல் இல்லை.

முத்துக்கிருஷ்ணன்


தோண்டிமலை
16.12.2024

அண்ணனுக்கு,

இப்பத்தான் எனக்குச் சொகம். ராக்குகிட்டப் படிச்சுக் காட்டுனேன். முத்துக்கிருஷ்ணன் சார் கைய நீட்டிக் கேட்டாராங்கிறா, நம்பவே மாட்டேங்கிறா.

ராஜ்கமல் பொங்கலுக்கு வர்றான், பத்தொன்பதாந் தேதி வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் போவானாம். ராக்கும் வர்றா. நேத்து எனக்கு அறுவத்திரெண்டு. பின்னாடி வர்ற வண்ட ஒரே திருப்புல திரும்பிச் சுடப் பழகிட்டேன்.

ஒண்ணு கேக்கணும். ‘வேறு ஒன்றைக் குறித்தது’ன்னு எழுதியிருக்க. எத? நீ அளந்து எழுதுற ஆளு. உன் கடுதாசியில ஒரே ஒரு எடத்துலதான் பேனா நின்னு மை பரவியிருக்கு. சரியா அந்த எடத்துல.

பனி கொட்டுது. தலையில துண்டு கட்டிக்கிட்டு நட.

பாண்டீஸ்வரி


போடிநாயக்கனூர்
29.12.2024

அன்புத் தங்கைக்கு,

உடம்பு நலமே. மனம் அப்படி இல்லை. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அன்று இனியவன் சொன்னதை முழுவதும் எழுதுகிறேன். “குச்சியத் தொடாம கன்ட்ரோலர ஆட்டி ஆட்டிக் குறி பாக்குறாங்கள்ல சார், அதத்தான் கூடாதுன்னு எழுதுனேன். போர்டு தமிழ்ல இருக்கட்டுமேன்னு பாத்தேன். மோஷன் கன்ட்ரோலுக்குத் தமிழ்ல வேற என்ன எழுதுறது?” என்றார். கஷ்டப்பட்டுக் குச்சி பழகினவர்களுக்கு நடுவே கையைத் திருப்பிச் சுடுவது குறுக்கு வழி என்று அங்கே ஆடுகிறவர்கள் சொன்னார்களாம்.

கூடாது என்று சொன்னது என் கையை அல்ல, பாண்டீஸ்வரி. உன் கையை.

இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. நான் விலக்கப்படவில்லை என்று கேட்டதும் எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். நன்றி சொன்னேன். மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் உன் நினைவு வந்தது. திரும்பி ஏறவில்லை. வீட்டுக்கு வந்து, உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இது இரண்டாவது முறை. முதல் முறை தோட்டத்து ஆபீசில். அந்த அரிவாளின் பிடி கழன்றிருந்தது. சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அதை என்னிடம் சொன்னாய். நான் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மலையாளி மேனேஜர் என் தோளுக்கு மேலே நின்று, “சாரே, கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோங்க, எல்லாம் சுலபமா முடியும்” என்றார். நான் சேர்த்தேன். பிடி கழன்றதை விட்டுவிட்டேன். படித்த அண்ணன் எழுதியது என்று நீ இடது கையால் கைநாட்டு வைத்தாய். அதற்கு முன் கட்டிலருகே உனக்கு அதைப் படித்துக் காட்டும்போது அந்த ஒரு வரியை வேகமாகப் படித்தேன்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

முத்துக்கிருஷ்ணன்


தோண்டிமலை
3.1.2025

அண்ணனுக்கு,

சொகம். நீயும் சொகமா இருக்கணும், சோலி கெடக்கு.

வேகமாப் படிச்சது எனக்கு அன்னைக்கே தெரியும். வலியில கண்ணத்தான் மூடியிருந்தேன், காத மூடல. நீயா சொல்லுவன்னு ரெண்டு வருசம் பாத்தேன்.

மன்னிப்பெல்லாம் எழுதாத, பேப்பர் வீணு. அந்தப் போர்டுக்கு முன்னாடி போயி நில்லு. இந்தத் தடவ மெதுவா, எல்லாரு காதுலயும் விழுகிற மாதிரிப் படி.

அவன் விட்டாலும் விடாட்டியும் நான் பத்தொன்பதாந் தேதி மொத ஜீப்புல வர்றேன். என் கன்ட்ரோலரையும் கொண்டாறேன். ஆட உக்காந்துருவேன், எழுப்பி விடுறவன் வந்து எழுப்பட்டும்.

பாண்டீஸ்வரி


போடிநாயக்கனூர்
12.1.2025

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரிப்பதை இன்று கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் கணக்கு எடுத்தேன். இந்த ஆட்டத்தில் அமைப்புகள் பக்கத்துக்குள் போனால், மூன்றாவது திரையில் ‘குறி உதவி’ என்று ஒன்று இருக்கிறது. குச்சியால் ஆடுகிறவரின் குறி வண்டுக்குப் பக்கத்தில் போனதும் எந்திரமே அதை மெல்ல வண்டின்மேல் இழுத்து வைக்கிறது. கையைச் சாய்த்து ஆடுகிறவருக்கு அந்த உதவி கிடையாது. நான்கு மாதம் குச்சியில் ஆடியும் இது எனக்குத் தெரியாமல் போனது. அந்த உதவியை நிறுத்திவிட்டு நூறு முறை சுட்டேன். என் நாற்பத்தேழு இருபத்திரண்டு ஆனது. உன் அறுபத்திரண்டு முழுவதும் உன்னுடையது.

நேற்று மாலை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். பத்து நிமிடம் கொடுங்கள் என்று இனியவனைக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் கேட்டேன். அங்கே எல்லோரையும் விட நன்றாக ஆடுகிறவள் ரோஜா, சிலமலையிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண். அவளை நூறு முறை சுடச் சொன்னேன். எழுபத்தொன்று. குறி உதவியை நிறுத்திவிட்டு மறுபடியும் சுடச் சொன்னேன். நாற்பத்து நான்கு. அந்தப் பெண் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, “அண்ணே, இம்புட்டு நாளா பாதி சுட்டது மிஷினு. நாம சாய்க்கிறவங்களக் குறுக்கு வழிங்கிறோம்” என்றாள்.

இனியவன், விதி விதிதான் சார், போஸ்டர் அடித்தாகிவிட்டது என்றார். போஸ்டரில் அந்த விதி இல்லை, போர்டில்தான் இருக்கிறது என்றேன்.

பிறகு நீ சொன்னபடி செய்தேன். போர்டுக்கு முன்னால் நின்று மெதுவாக, சத்தமாகப் படித்தேன். கை ஆட்டம் கூடாது. திரும்பி, “இதுல கால் ஆட்டம் ஆடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். “குச்சியத் தள்ளுறதும் கைதான். எங்க தங்கச்சிக்கு ஒரு கட்டைவிரல் ஓடாது. மத்ததெல்லாம் ஓடும். அவ ஆடுறதும் கைதான்” என்றேன். இவ்வளவையும் நான் பேசினேன் என்று நம்புவது உனக்குக் கஷ்டம். எனக்கும் அப்படித்தான்.

இனியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் சட்டைக் கையால் ‘டாது’ என்பதைத் துடைத்துவிட்டேன். மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்து ‘டும்’ என்று எழுதினேன். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவ்வளவு கோணலாக ஒரு நாளும் எழுதியதில்லை. ‘டு’ ஒரு பக்கம் சரிந்தது, ‘ம்’ மேலே ஏறிக்கொண்டது. அழித்துத் திருத்தி எழுத வேண்டும் என்று கை துடித்தது. திருத்தவில்லை.

இனியவன் வந்து மார்க்கரை என் கையிலிருந்து வாங்கினார். அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போர்டைப் பார்த்தார். மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டார்.

கீழே வந்து கடைசிப் படியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. மற்றபடி நலம். அங்கே எல்லோரும் நலமா? முதல் ஜீப்பில் வா. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

முத்துக்கிருஷ்ணன்


தோண்டிமலை
27.1.2025

அண்ணனுக்கு,

நானும் ராக்கும் சொகமா வந்து சேந்தோம். உன் முட்டிக்குத் தைலம் ஒண்ணு சின்ராசுகிட்டக் குடுத்து விடுறேன், வாங்கிக்க.

ரெண்டாவது சுத்துல தோத்தோமேன்னு ஜீப்பு ஏறுற வரைக்கும் கணக்குப் போட்டுக்கிட்டே வந்த. மூணு வண்டுதான வித்தியாசம். அதுவும் ரோஜாகிட்ட. மொத சுத்துல அந்தக் காலேசுப் பசங்க ரெண்டு பேரும், நான் திரும்பிச் சுட்டதப் பாத்துட்டு அவங்க ஆட்டத்தயே மறந்துட்டானுக. ராஜ்கமல் அத வீடியோ எடுத்து ஆபீசுல எல்லாருக்கும் அனுப்பியிருக்கான். ஊருக்குப் போகையில டிக்கெட்டு ஒண்ணுதான் போட்டான், அவனுக்கு மட்டும். சென்னைன்னு ஒரு வார்த்த பேசல. பேச்சுத் தவறாத பிள்ள.

ஜீப்பு கெளம்புறப்ப சட்டப்பையில இருந்து ஒரு கவரு எடுத்துக் குடுத்தியே, அத மெட்டுல டீக்கு நிறுத்துனப்பப் பிரிச்சேன். ரெண்டு தாளு. ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு நகலு. ராக்குக்கு மெதுவாப் படிச்சுக் காட்டுனேன். ‘அரிவாளின் பிடி கழன்றிருப்பதை இரண்டு முறை சொல்லியும் மாற்றித் தரப்படவில்லை. முதல் அறிக்கையில் உள்ள கவனக்குறைவு என்ற சொல் அதை எழுதியவனுடையது, காயம்பட்டவருடையது அல்ல.’ கீழ உன் முழுப் பேரு, வெலாசம், கையெழுத்து.

முந்தாநாள் ஆபீசுக்குக் கொண்டுக்கிட்டுப் போனேன். மேனேஜர் படிச்சாரு. ரெண்டு வருசம் கழிச்சு இது எதுக்கு சேச்சி, பைசா கேக்கவான்னாரு. பைசாவுக்கு வரல, அந்தப் பழைய தாளுக்கு மேல இத வச்சுத் தைங்கன்னேன். கொஞ்ச நேரம் தாள அப்படியும் இப்படியும் திருப்புனாரு. அப்புறம் மூக்குக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு, “இது ஆரு எழுதியது? எழுத்தெல்லாம் இப்படி ஆடுது”ன்னு கேட்டாரு.

“எங்க அண்ணன்”னேன். “கை மட்டுந்தான் ஆடும்.”

நகல்ல சீல் வைக்கிற வரைக்கும் நான் உக்காரல. நின்னே வாங்கிட்டு வந்தேன்.

தைலத்த ரெண்டு வேளையும் தேய்.

பாண்டீஸ்வரி